சீட்டும் கணக்கும்: வழக்கத்துக்கு மாறான பந்தயங்கள்

இம்மாதம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களுள் பல, இணையவழிப் போக்கர் போட்டிகளில் சிலர் வைக்கும் விநோதமான பந்தய அளவுகளைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறோம்.

கேள்வி: ஈப்போவில் இருக்கும் என் அம்மான் மகனும் இங்குள்ள பங்காளிகள் சிலரும் நானும் சனிக்கிழமை இரவுகளில் கைபேசி வழியாக, இலவசச் சில்லுகளைக் கொண்டு போக்கர் போட்டி நடத்துகிறோம். பாட் தொகை (நடுவில் சேர்ந்து கிடக்கும் சில்லுகள்) 3,000 ஆக இருக்கும்போது அம்மான் மகன் ஒருமுறை வெறும் 300 வைக்கிறார். இன்னொரு முறை 6,000 வைக்கிறார். நாங்கள் அனைவரும் பாதியோ முக்காலோ வைத்துப் பழகியவர்கள். இவருடைய மனக்கணக்கை எப்படி அறிவது?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தேவகோட்டை

பதில்: ஐயா, அவருடைய மனத்தை ஆராய்வதற்கு முன்னால், அவர் சொல்லும் விலையை ஆராயுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் தேக்குப் பெட்டிக்கு விலை சொன்னால், அந்தத் தொகையை அவர் ஏன் சொன்னார் என்பது நமக்கு இரண்டாவது கேள்வி; அந்த விலைக்குப் பெட்டி தகுமா என்பதே முதல் கேள்வி. பந்தயமும் அப்படித்தான்.

3,000 கிடக்கும் இடத்தில் அவர் 300 வைத்தால், நீங்கள் 300 கொடுத்து 3,300-ஐப் பெற முயல்கிறீர்கள். முடிவில் சேரும் 3,600-இல் உங்கள் பங்கு 300. அதாவது நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தாலே கால் செய்வது (அதே தொகையை வைத்துத் தொடர்வது) நட்டமாகாது. நடுவில் பொதுவாக விழும் ஐந்து சீட்டுகளில் நான்காவதான டர்ன் சீட்டு விழுந்தபின் ஒரே இனத்தில் நான்கு சீட்டுகளை வைத்துக்கொண்டு ஐந்தாவதற்குக் காத்திருப்பவருக்கு, கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் 9 உதவும். அது ஏறக்குறைய 20 விழுக்காடு. அவருக்கு 300 மிக மலிவு, 1,000 சரியான விலை, 1,500 என்றால் 25 விழுக்காடு தேவைப்படுவதால் விலை கூடுதல். ரிவரில் (ஐந்தாவதான கடைசிச் சீட்டில்) மிச்சச் சில்லுகளையும் எதிராளியிடமிருந்து பெற வழியிருந்தால் மட்டுமே 1,500 கட்டுப்படியாகும்.

6,000 வைத்தாலோ கணக்கு தலைகீழாகிறது. நீங்கள் 6,000 கொடுத்து 9,000-க்கு முயல்வதால், பத்தில் நான்கு முறை உங்கள் கைச்சீட்டு வென்றாக வேண்டும். அவர் வெற்றுக் கையோடு ஏமாற்றுகிறார் என்றால், மூன்றில் இரண்டு முறை நீங்கள் ஃபோல்ட் செய்தால்தான் (சீட்டை வைத்துவிட்டு விலகினால்தான்) அவருக்குக் கட்டுப்படியாகும். இதை அறியாதவர்கள், பெரிய தொகையைக் கண்டதும் 'நிச்சயம் பிளஃப்தான்' என்றோ 'நிச்சயம் பெரிய கைதான்' என்றோ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறார்கள். கடைசிச் சீட்டும் விழுந்த பிறகு பாட் தொகையைப் போல் இரண்டு மடங்கு வைக்கும் ஒருவரிடம், நடுத்தரமான கை பெரும்பாலும் இருக்காது; ஒன்று வெல்ல முடியாத கை, அல்லது ஒன்றுமில்லாத கை. அப்போது உங்களிடம் இருப்பது முதல் ஜோடியா நடு ஜோடியா என்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை. நடுவில் மூன்று ஸ்பேடு விழுந்திருக்கையில் உங்கள் கையில் ஸ்பேடு ஏஸ் இருந்தால், அவரிடம் மிகப்பெரிய ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) இருக்கவே முடியாது. அப்போது சாதாரண ஜோடியோடு கூட கால் செய்வது நியாயமாகலாம். ஓவர்பெட்டுக்கு (பாட் தொகையைவிடப் பெரிய பந்தயத்துக்கு) எதிரில் கையின் வலிமையைவிட, கையில் எந்தச் சீட்டு அடைபட்டிருக்கிறது என்பதே அதிகம் பேசும்.

சிறிய பந்தயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. கிங், ஏழு, இரண்டு என்று மூன்று இனங்களில் தொடர்பில்லாமல் ஃபிளாப் (முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்தால், முதலில் ரெய்ஸ் செய்தவர் (பந்தயத்தை உயர்த்தியவர்) தம்மிடம் எது இருந்தாலும் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ வைப்பது இன்று வழக்கமான ஆட்டமே. அதில் விநோதம் எதுவும் இல்லை. ரிவரில், பேசுமுறை முதலில் வருபவர் பத்தில் ஒரு பங்கு வைத்தால், அது நடுத்தரக் கையை மலிவாகக் காட்டிவிட்டுப் போக விரும்பும் தடுப்பாக இருக்கக்கூடும். அத்தகைய தடுப்பை ரெய்ஸ் செய்து உடைப்பதே பல நேரங்களில் சரி, 'மலிவாக இருக்கிறதே' என்று கால் செய்து திருப்தியடைவது சோம்பல். ஆனால் ஈப்போக்காரர் ரெய்ஸை எதிர்பார்த்தே பொறி வைப்பவரா என்பதை, அவர் முன்பு இதே அளவு வைத்துக் காட்டிய கைகளைக் கொண்டுதான் சொல்ல முடியும். ஆட்ட வரலாறு செயலியிலேயே சேமிக்கப்பட்டிருந்தால் அதைப் புரட்டுங்கள். பொதுவான வழக்கத்திலிருந்து விலகிய அளவைவிட, அவருடைய சொந்த வழக்கத்திலிருந்து விலகிய அளவுக்கே செய்தி உண்டு.

கேள்வி: பலமான கை கிடைத்தால் சிறிது சிறிதாக வைத்து எதிராளியை இழுக்க வேண்டும் என்று என் அண்ணன் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: உங்களுக்குப் படுவதே பெரும்பாலும் சரி, அம்மா. ஃபிளாப்பில் பாட் தொகை 1,000. இருவரிடமும் 13,000 சில்லுகள் பின்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாட் தொகையில் பாதி வைத்து எதிராளி கால் செய்தால் 500, 1,000, 2,000 என்று மொத்தம் 3,500 மட்டுமே உள்ளே போகும். 9,500 வெளியே நின்றுவிடும். முழு அளவு வைத்தால் 1,000, 3,000, 9,000 என்று 13,000-மும் மூன்றே சுற்றில் போய், பாட் தொகை 27,000 ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்காகப் பெருகுவதுதான் இதன் சூட்சுமம். நகரத்தார் வட்டிக்கடைகளில் பேரேடு எழுதிப் பழகிய குடும்பத்துக்குக் கூட்டுவட்டியின் வேகத்தை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசிச் சுற்றில் திடீரென்று ஓவர்பெட் வைப்பவர்களில் பலர், முதல் இரண்டு சுற்றுகளில் குறைவாக வைத்துவிட்டு மிச்சத்தை ஒரே மூச்சில் உள்ளே தள்ளப் பார்ப்பவர்களே.

கேள்வி: 1,112, 2,347 என்று சில்லறை எண்களாக வைப்பவர்கள் ஏதேனும் சைகை காட்டுகிறார்களா?
– காரைக்குடி

பதில்: பெரும்பாலும் இல்லை. பாட் தொகை 3,370 ஆக இருக்கும்போது 33 விழுக்காடு என்ற பொத்தானை அழுத்தினால் 1,112 தானாகவே வரும். ஒரு பூஜ்யத்தைக் கூட்டியோ குறைத்தோ தட்டிவிட்டவர்களும் உண்டு. கூட்டாளிகள் இருவர் கடைசி இலக்கத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு ஆடினால் அது மோசடி. போட்டியை நடத்துபவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஆடும் போட்டிகளில் எல்லோரும் பெரிய பிளைண்டைப் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயங்களில் பெரியதைப்) போல் இரண்டு மடங்குதான் வைத்துத் தொடங்குகிறார்கள். மூன்று மடங்கு என்றல்லவா கற்றோம்? மேலும், இதைப் பணம் கட்டி ஆடலாமா?
– கல்லூரி மாணவர், கோட்டையூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: ஆட வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பாராமல் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. இப்பகுதியில் நாம் எழுதுவதெல்லாம் இலவசச் சில்லுகளில் ஆடுவோருக்கே.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பிளைண்ட் 500, 1,000; மொத்த ஆன்டே (பிளைண்டுக்கு மேல் கட்டாயமாகச் சேர்க்கும் தொகை) 1,000 என்றால், யாரும் பேசுவதற்கு முன்பே 2,500 நடுவில் கிடக்கிறது. 2,000 வைத்து அதை அள்ள நினைப்பவருக்கு, 44 விழுக்காடு முறை மற்றவர்கள் விலகினால் போதும். 3,000 வைப்பவருக்கு 55 விழுக்காடு தேவை. போட்டி முற்றும்போது ஒவ்வொருவரிடமும் இருபது முப்பது பெரிய பிளைண்டுகளுக்கான சில்லுகளே எஞ்சியிருப்பதால், ஒரு பிளைண்டை மிச்சப்படுத்துவதும் பெரிய காரியம்தான். ஆனால் அதே இரண்டு மடங்குக்கு எதிரில் பெரிய பிளைண்டில் இருப்பவர் 1,000 மட்டும் சேர்த்து 5,500-க்குப் போட்டியிடலாம். 18 விழுக்காடு வாய்ப்பே அவருக்குப் போதும் என்பதால், அந்த இடத்திலிருந்து எளிதில் விலகாதீர்கள்.

கேள்வி: கணிப்பொறிகள்தாம் இந்த விநோத அளவுகளைக் கொண்டுவந்தன என்பது உண்மையா?
– கானாடுகாத்தான்

பதில்: கொண்டுவந்தன என்பதைவிட, மதிப்பளித்தன என்பது பொருந்தும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேடஸ் என்னும் நிரல், 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை வீரர்களோடு, இருவர் ஆட்டமாக, மொத்தம் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. பாட் தொகையைப் போல் பல மடங்கு வைப்பதற்கு அது தயங்கவில்லை. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு: அதன் கணக்கில் ஓட்டை தேடிய வீரர்கள் வழக்கமில்லாத அளவுகளை வைத்துப் பார்த்தனர், அந்த நிரலோ, அவர்கள் அடிக்கடி பயன்படுத்திய அளவுகளுக்கான விடையை இரவோடு இரவாகக் கணக்கிட்டு மறுநாள் வந்தது. ஆனால் அங்கே ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் இருவரிடமும் 200 பிளைண்டுகள் இருந்தன என்பதை மறவாதீர்கள். பதினைந்து பிளைண்டோடு அமர்ந்திருப்பவர் அதைப் பார்த்து ஓவர்பெட் ஆடுவதற்கு இடமே இல்லை.

கேள்வி: பரிசுக்கு ஓரிடம் முன்னால் நிற்கும்போது, 10,000 சில்லுகள் வைத்திருந்த ஒருவர் 9,900 வைத்து 100-ஐ மட்டும் நிறுத்திக்கொண்டார். இது என்ன கஞ்சத்தனம்?
– புதுவயல்

பதில்: கஞ்சத்தனம் இல்லை, உயிர் பிழைக்கும் வழி. போட்டியின் அந்தக் கட்டத்தில் சில்லுக்கும் பரிசுக்கும் நேர் விகிதம் கிடையாது. மூவர் எஞ்சி, மூவரிடமும் 10,000 சில்லுகள். முதலிடத்துக்கு 65 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 35, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்று கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொருவரின் மதிப்பும் 33.3 புள்ளி. ஒருவரை வெளியேற்றி 20,000 ஆக்கினால் உங்கள் மதிப்பு 66.6 ஆகாது, 55 மட்டுமே ஆகும், தோற்றாலோ சுழியம். ஆகவே சில்லுக் கணக்கில் 50 விழுக்காடு போதுமான இடத்தில், இங்கே 60-க்கு மேல் வேண்டும். பெரிய குவியல் வைத்திருப்பவர் கால் பங்கு வைத்தே மற்றவர்களை விலகச் செய்வதற்கும் இதுவே காரணம்.

நீங்கள் சொல்பவர், யாராவது கால் செய்தால் ஃபிளாப்பைப் பார்த்துவிட்டு, கை கெட்டிருந்தால் 100 சில்லோடு விலகி, அதே நேரத்தில் வேறு மேசையில் ஒருவர் வெளியேறினால் பரிசுக்குள் நுழைந்துவிடலாம் என்று காத்திருக்கிறார். விதிக்கு உட்பட்டதே. அவருக்கு எதிரில் ஆடத் தகுந்த கை உங்களிடம் இருந்தால், கால் மட்டும் செய்யாமல் ஃபிளாப்புக்கு முன்பே ஆல்-இன் (எல்லாச் சில்லும் உள்ளே) சொல்லிவிடுங்கள். 20,000-க்கு மேல் கிடக்கும் இடத்தில் 100-ஐக் கொடுப்பதா விலகுவதா என்று அவர் எந்தச் சீட்டையும் பார்க்காமலே முடிவெடுக்க நேரும்.