விளையாட்டுக்கென்றே ஒரு ஏஎம் வானொலி நிலையம்: நாள் முழுக்க அதில் என்ன பேசுவார்கள்?

அமெரிக்காவில் விளையாட்டுக்கென்றே ஏஎம் (மத்திய அலை) வானொலி நிலையங்கள் இருக்கின்றனவாமே, 24 மணி நேரமும் அதில் என்ன பேசுவார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2006 முதல் நான் கேட்டுவரும் நிலையத்தை வைத்தே பதில் சொல்கிறேன். நியூயார்க்கின் டபிள்யூஎஃப்ஏஎன். ஊரில் 'தி ஃபேன்' என்றால் போதும்.

வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் ஒரு பழைய கார் வாங்கினேன். அதில் ஏஎம் மட்டும்தான் ஒழுங்காக எடுக்கும். குமிழைத் திருப்பிக்கொண்டே போனதில் 660 கிலோஹெர்ட்ஸில் யாரோ இருவர் சண்டை போடுகிற மாதிரி பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி இரவு. நியூயார்க்கின் மெட்ஸ் பேஸ்பால் அணி ஜெயித்திருந்தால் 'உலகத் தொடர்' என்ற இறுதிச் சுற்றுக்குப் போயிருக்கும். கடைசி வாய்ப்பு, மூன்று தளங்களிலும் ஆள், மட்டையோடு நின்றவர் கார்லோஸ் பெல்ட்ரன். வளைந்து வந்த பந்தை அடிக்க முயலாமலே நின்று அவுட் ஆனார். மறுநாள் அலுவலகம் போகும் வழியில் ரேடியோவைப் போட்டால் தொலைபேசியில் வரிசையாக நேயர்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். "ஒரு தடவை மட்டையை வீசியிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. தொகுப்பாளரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று, நான்கு விநாடி வெறும் கரகரப்பு மட்டும் கேட்டது. வானொலியில் அது ரொம்ப நீளமான நேரம். ஒரு துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எனக்கு.

உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இதுதான். ஆட்டம் நடப்பது சில மணி நேரம். மீதி நேரத்தை நிரப்புகிறவர்கள் நேயர்கள். சிறுவயதில் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கம் டெஸ்ட் வர்ணனையை வானொலியோடு காதை ஒட்டிக் கேட்டவன் நான். அங்கே வர்ணனையாளர் சொல்வார், நாம் கேட்போம். இங்கே கேட்கிறவன் திருப்பிப் பேசுகிறான். "முதல் முறை பேசுகிறேன், ரொம்ப நாளாகக் கேட்கிறேன்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள்.

நானும் ஒருமுறை அழைத்தேன். முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் இல்லை. பெயர், ஊர், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று மூன்றே கேள்வி கேட்டுக் காத்திருப்பில் போடுவார். வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்வார். ஒலிபரப்பு சில விநாடிகள் தாமதித்தே போகும், கெட்ட வார்த்தை வந்தால் வெட்டுவதற்காக. அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. பேசியது ஒரு நிமிடம் இருக்கும். எடிசன் நகரிலிருந்து ஒரு குரல் என்று தொகுப்பாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்போதெல்லாம் இடையிடையே 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோர் செய்தி வரும். ஆட்ட நேரத்தில் நேரடி வர்ணனை.

சரி, வரலாறு. 1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணி. கன்ட்ரி பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்த டபிள்யூஎச்என் நிலையம், 1050 கிலோஹெர்ட்ஸில், ஃபேனாக மாறியது. முதலில் ஒலித்தது ஒரு பெண் குரல், சூசின் வால்ட்மன். பின்னாளில் நியூயார்க்கின் இன்னொரு பேஸ்பால் அணியான யாங்கீஸின் வானொலி வர்ணனைக்கு வந்தவர். 24 மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு என்பதைத் துணிந்து செய்தது எம்மிஸ் நிறுவனத்தின் ஜெஃப் ஸ்முல்யன். நடக்காது என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆரம்பத்தில் நஷ்டமும் வந்தது. பழைய நிலையத்தோடு மெட்ஸ் ஆட்டங்களின் ஒலிபரப்பு உரிமை கூடவே வந்தது பெரிய பலம்.

திருப்பம் 1988 அக்டோபர் 7. என்பிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலிகளை எம்மிஸ் வாங்கியதில் 660 கிலோஹெர்ட்ஸ் கைக்கு வந்தது. அங்கே காலை நிகழ்ச்சி செய்துவந்த டான் ஐமஸும் அவருடைய விளம்பரதாரர்களும் சேர்ந்தே வந்தார்கள். அடுத்த ஆண்டு மதிய நேரத்தில் மைக் ஃப்ரன்செஸா, கிறிஸ் ருஸ்ஸோ ஜோடி. 2008 வரை அந்த இருவரின் வாக்குவாதம்தான் நியூயார்க்கின் பிற்பகல். நான் முதலில் கேட்டதும் அவர்களைத்தான்.

அந்த 660-க்கே தனிக் கதை உண்டு. 1922-ல் டபிள்யூஇஏஎஃப் என்று தொடங்கிய நிலையத்தின் வாரிசு அது. காசு வாங்கி வானொலியில் ஒலித்த முதல் விளம்பரம் அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே வந்ததுதான் என்பார்கள். எதற்கு விளம்பரம்? நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் அடுக்குமாடி வீடு. இன்று நம்மவர்கள் சாமான் வாங்கப் போகும் அதே ஜாக்சன் ஹைட்ஸ்!

இனி கோபுரம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஓரமாக ஹை ஐலண்ட் என்று ஒரு குட்டித் தீவு. அதில் நிற்கும் ஒரே கோபுரத்திலிருந்து 660-ம், 880-ல் வரும் இன்னொரு நிலையமும் தலா 50 கிலோவாட்டில் கிளம்புகின்றன. சுற்றிலும் உப்புத் தண்ணீர். தரையோடு செல்லும் அலைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. பகலில் சுற்றுவட்டாரத்துக்கு அது போதும். பொழுது சாய்ந்தால் வேறு கணக்கு. பகலில் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல அடுக்கு இருட்டியதும் கலைந்துபோகிறது. மேலே போகும் அலைகள் உயரே உள்ள அடுக்கில் பட்டுத் தொலைதூரத்தில் இறங்குகின்றன. வர்ஜீனியாவில் ரிச்மண்டைத் தாண்டி, வீட்டிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி, நள்ளிரவில் மெட்ஸ் ஆட்டம் கேட்டிருக்கிறேன். குரல் மெல்லத் தேயும், போய்விட்டதோ என்று நினைக்கும்போது திரும்ப வரும். பக்கத்தில் மனைவியும் மகளும் தூங்க, தூரத்திலிருந்து ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வருவதுபோல் இருக்கும்.

2012 நவம்பரிலிருந்து 101.9 பண்பலையிலும் வருகிறது, ஒலி துல்லியம். 2014 முதல் மெட்ஸுக்குப் பதில் யாங்கீஸ் ஆட்டங்கள் இங்கே. மின்சாரக் கார் மோட்டார்கள் ஏஎம்மில் இரைச்சல் கிளப்புவதால் சில நிறுவனங்கள் ஏஎம்மையே எடுத்துவிட்டன. போன முறை கார் மாற்றியபோது மைலேஜுக்கு முன்னால் நான் கேட்டது, இதில் ஏஎம் உண்டா என்பதைத்தான்.