பேச்சுத் தொழில்நுட்பம், ஆற்றல் அறுவடை இரண்டிலும் ஆய்வு செய்பவரை நெறியாளராக ஏற்கலாமா?

பேச்சறிதலிலும் (பேசிய சொல்லைக் கருவி அறிவது) ஆற்றல் அறுவடையிலும் (சுற்றியுள்ள அதிர்வு போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது) ஒருசேரக் கட்டுரை எழுதுபவர் ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று நிற்பவர்தானே, அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இந்த இரண்டையும் செய்துவருபவன் நான் என்பதால் கேள்வி சற்றுச் சுட்டது. நீங்கள் மின்னணுவியலில் முதுநிலை முடித்தவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு துறைகளுக்கும் அடியில் இருப்பது ஒத்ததிர்வு, அதாவது ஒரு பொருள் தனக்கே உரிய அதிர்வெண்ணில் தூண்டப்படும்போது பெரிதாக அதிர்வது. குரல்நாணிலிருந்து உதடு வரையிலான பாதையைச் சுமார் 17 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாயாகக் கொண்டால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகே அதன் ஒத்ததிர்வுகள் அமையும். நாவும் உதடும் அவற்றை இடம் மாற்றுவதால்தான் ‘ஆ’வும் ‘ஈ’யும் காதுக்கு வேறு வேறாகப் படுகின்றன. அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் பீசோ பட்டையும் (வளையும்போது மின்னழுத்தம் தரும் பட்டை) ஒரு முனை இறுக்கப்பட்டு மறுமுனை ஆடுகின்ற ஓர் ஒத்ததிர்விதான். உயிரொலிகளின் நிறமாலையைப் பார்க்க நான் பயன்படுத்தும் அதே நிரலில்தான் மோட்டாரின் அதிர்வையும் பார்க்கிறேன்.

கல்லூரியின் தண்ணீர் பம்ப் அறையில், அதிர்வாலேயே இயங்கி, ‘ஓடு’, ‘நிறுத்து’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அறியும் ஒரு சிறு கருவியை மாணவர்களும் நானும் அமைத்தோம். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் நான்கு துருவ மோட்டார் அது. ஆகவே சுழற்சியின் அதிர்வு 24 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் என்பதால், காந்த இழுப்பால் எழும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. பேச்சு ஆய்வில் இரைச்சல் என்று நாங்கள் வடிகட்டி எறிவது, அறுவடைக்காரருக்கு வரவு. பட்டையின் முனையில் எடை ஏற்றி 24 ஹெர்ட்ஸுக்குப் பொருத்தினோம். சுமை கூடி மோட்டாரின் வேகம் சிறிது தணிந்தாலே விளைச்சல் சரிந்துவிடும், ஏனெனில் இத்தகைய பட்டையின் ஒத்ததிர்வு அவ்வளவு குறுகியது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பம்ப் ஓடும்போது மின்சாரம் கிடைக்கும், ஆனால் அந்தச் சத்தத்தில் கருவிக்குக் காது கேட்காது. பம்ப் நின்றபின் காது நன்றாகக் கேட்கும், ஆனால் வரவு இல்லை. எனவே ஓடும் நேரத்தில் சேமித்து, நிற்கும் நேரத்தில் செலவிட வேண்டும். 1 பாரட் சூப்பர் கெப்பாசிட்டர், அதாவது அதிக மின்னூட்டம் சேமிக்கும் மின்தேக்கி, 3.3 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது சுமார் 3.8 ஜூல், 100 மைக்ரோவாட் செலவழித்தால், கசிவைக் கணக்கில் கொள்ளாமல், பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், 1 மில்லிவாட் என்றால் ஒரு மணி நேரம்தான். ஆகவே ஒலி எழுந்ததா என்று மட்டும் கவனிக்கும் சிறிய சுற்று எப்போதும் விழித்திருக்க, சொல்லைப் பிரித்தறியும் நுண்செயலி தேவைப்படும்போது மட்டும் எழ வேண்டும். எதைக் கணக்கிடுவது, எதை விடுவது என்ற பேச்சறிதலின் கேள்வியை அங்கே மின்தேக்கிதான் முடிவு செய்தது. இதைத் தனித்தனி ஆய்வகங்களில் இருக்கும் இருவர் எளிதில் கண்டிருக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

பம்ப் அறையில் மின்கம்பி இருக்கும்போது அறுவடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது சோதனைக் களம் மட்டுமே, கம்பி இழுக்க முடியாத இடங்களுக்காகத்தான் இந்த வேலை. பேச்சொலியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாமே என்பவர்களுக்கு: சாதாரண உரையாடலின் 60 டெசிபெல் ஒலி ஒரு சதுர மீட்டருக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய 1 மைக்ரோவாட் மட்டுமே, பேசிப் பேசிக் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யும் கதையை யாரும் நம்ப வேண்டாம்.

கல்லூரியின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சிறப்புத் துறை’க்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. எதை நிரப்பினாலும் மற்றதில் வந்த கட்டுரைகளுக்கு மதிப்பெண் கிடையாது. இந்த வேலையைப் பற்றி எழுதியபோது பேச்சுத் துறை மதிப்பாய்வாளர் ஆற்றல் பகுதியை நீக்கச் சொன்னார். ஆற்றல் துறைக்காரர் பேச்சுப் பகுதியை நீக்கச் சொன்னார். கட்டுரைகளின் எண்ணிக்கைக்காகவே துறை தாவுபவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களால்தான் எங்கள்மேலும் இந்தச் சந்தேகம் விழுகிறது.

ஆகவே நீங்கள் அவருடைய துறைகளை எண்ணாமல் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பேச்சறிதல் கட்டுரையில், சோதனைக்குக் குரல் கொடுத்தவர்கள் பயிற்சித் தரவில் இல்லாதவர்களா என்று தேடுங்கள். அதே குரல்களில் வந்த 98 விழுக்காட்டுத் துல்லியத்துக்கு மதிப்பில்லை. அறுவடைக் கட்டுரையில், எந்தச் சுமைத் தடையில், எவ்வளவு முடுக்கத்தில் திறன் அளக்கப்பட்டது என்று பாருங்கள். திறந்த சுற்றில், அதாவது சுமை எதையும் இணைக்காமல், அளந்த வோல்ட்டை மட்டும் காட்டியிருந்தால் அங்கே திறன் அளக்கப்படவே இல்லை என்று பொருள். இரண்டு தேர்விலும் அவர் தேறினால் தயங்காமல் சேருங்கள். ஆய்வுக்குழுவில் இரு துறையினரும் இடம்பெற வேண்டும் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.