டர்போ மாட்டலாமா?

கேள்வி: என் ஆல்டோ 800 நாலு பேரோடு ஏற்காடு ஏறத் திணறுகிறது. டர்போ மாட்டலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, இன்ஜின் பலத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி; அது இந்த இழப்பை ஈடுகட்டும், சரி. ஆனால் உங்கள் 796 சிசி இன்ஜின் டர்போவுக்காகச் செய்ததல்ல. காற்றைக் கூடுதலாக அழுத்தினால் சூடேறி, பெட்ரோல் தாறுமாறாக வெடித்து 'நாக்கிங்' வரும். அப்படி உருகி ஓட்டை விழுந்த பிஸ்டனைச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நானே கழற்றியிருக்கிறேன். கடன் வாங்கி மாட்டிய பையன் அது, பார்க்கவே மனசு தாங்கவில்லை. அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்க அதே சின்ன பிரேக்தானே? ஆர்டிஓ அனுமதியும் வேண்டும்.

முதலில் ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் பாருங்கள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர் போட்டு, ஏசியை அணைத்து ஏறுங்கள்.