அப்பாவின் தபால்தலை ஆல்பமும் 5 ரூபாய் டிராக்டர் நோட்டும்

கேள்வி: காலமான என் தந்தை சேர்த்துவைத்த நான்கு தபால்தலை ஆல்பங்கள், பழைய கடித உறைகள், ஒரு டப்பா நிறைய காலணாக்கள், டிராக்டர் படம் போட்ட சில 5 ரூபாய் நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. இபே என்ற இணைய ஏலத் தளத்தில் விட்டால் நல்ல விலை போகும், 8,000 ரூபாய் கொடுங்கள், கணக்கு தொடங்கி நானே விற்றுத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? – வாசகி, திருமங்கலம்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கணக்கு தொடங்க ஒரு பைசா செலவில்லை. அவர் தொடங்கினால் அது யார் பெயரில் இருக்கும், பணம் யார் வங்கிக்குப் போகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். நூறு பொருள் நேர்மையாக விற்றுச் சம்பாதிக்கும் நற்பெயரும் அவர் கணக்கில்தான் சேரும்.

அந்த டிராக்டர் நோட்டை ஓரமாக வையுங்கள். லட்சங்களுக்குப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் புருடா. "உங்கள் நோட்டுக்கு ஆள் ரெடி, முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன்" என்று கறப்பதுதான் வேலை. தன் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. விற்பவரிடம் முன்பணம் கேட்கிறவர் வாங்க வந்தவர் அல்ல.

உண்மையான விலை தெரிய இபேயில் உங்கள் தபால்தலையைத் தேடி, 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டுங்கள். பச்சை எழுத்தில் வருவதுதான் போன விலை. மற்றது விற்பவரின் ஆசை. பாதி ஆல்பம் டீக்காசு பெறாது என்பது அப்போது தெரியும். மனசு கொஞ்சம் நோகும்.

இபேயின் இந்தியத் தளம் 2018லேயே மூடியாயிற்று. இன்று நீங்கள் விற்பது வெளிநாட்டுக்கு, அதாவது ஏற்றுமதி. அதற்கு ஐஇசி என்ற ஏற்றுமதியாளர் எண் வேண்டும். அரசுத் தளத்தில் 500 ரூபாய்; தரகர்கள் இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்தாக வேண்டும், இல்லையேல் முடங்கிவிடும். விரல் நுனியில் நிற்கும் ஒரு காகிதத் துண்டை அனுப்பக் கப்பலில் நெல் ஏற்றுகிறவருக்கான சடங்கு! ஜிஎஸ்டிக்கு உள்ளூர் ஆடிட்டரைப் பாருங்கள்.

அந்தக் காலணா டப்பாதான் எனக்குக் கவலை. 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டப்படி, நூறு வயதான நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசில் ஆண்டு இருக்கும், பாருங்கள். 1920 என்றால் நூறு தாண்டிவிட்டது. 1939 என்றால் இல்லை. 1927 என்றால், 2027இல் அதுவும் அந்தப் பக்கம் போய்விடும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஆவணங்களுக்கு வரம்பு இன்னும் குறைவு, 75 ஆண்டு. உறைக்குள் கடிதம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். அத்தை எழுதிய நலம் விசாரிப்பா, யாரோ தலைவர் எழுதியதா? சந்தேகம் வந்தால், 'இது தொன்மைப் பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்து டாலர் உறைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகுமா என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஆனால் மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. 8,000 ரூபாய் கேட்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். போதாக்குறைக்கு, இன்ஷூர் செய்யாத தபாலில் காசும் நோட்டும் அனுப்பவே கூடாது. அந்த டப்பாவை உள்நாட்டிலேயே நாணயம் சேர்ப்பவர்களிடம் காட்டுங்கள்.

ஆகவே சுதந்திரத்துக்குப் பிந்தைய தபால்தலைகளில் தொடங்குங்கள். 1948இல் வந்த காந்தி தபால்தலைகளில் 10 ரூபாய்த் தபால்தலை ஆல்பத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். போலிகள் ஏராளம், நிபுணர் சான்று இல்லாமல் ஏலம் விட்டால் வம்புதான்.

படம் முக்கியம். காலை வெளிச்சத்தில், கறுப்புத் துணிமேல், முன்னும் பின்னும் எடுங்கள். விரலால் தொடாமல் இடுக்கியால் பிடியுங்கள். கறுப்புத் துணி எதற்கென்றால், ஓரத்துப் பற்களில் ஒன்று குறைந்தாலும் அதில் பளிச்சென்று தெரியும். நான் முதலில் விற்ற செட்டை வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தேன். மூலையில் ஒரு பல் இல்லை, எனக்கே தெரியவில்லை. வாங்கியவர் பூதக்கண்ணாடியில் பார்த்துத் திருப்பி அனுப்பினார். தபால் செலவு இரண்டு பக்கமும் என் தலையில்.

தொடக்க விலையை 99 சென்ட் என்று போட்டால் கூட்டம் கூடும் என்பார்கள். ஒரே ஒருவர் வந்தால் 99 சென்டுக்கே கொடுத்தாக வேண்டும். இதற்குக் கீழே போனால் வலிக்கும் என்ற தொகையைப் போடுங்கள். விலை ஏற்ற மருமகனை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள், கணக்கே போய்விடும். ஏழு நாள் ஏலம் என்றால், தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும். அமெரிக்கர்கள் ஞாயிறு மாலை சாவகாசமாக உட்காருவார்கள்; குளிர்காலத்தில் நியூயார்க்கில் ஞாயிறு இரவு 7 மணி என்றால் நமக்குத் திங்கள் விடிகாலை 5.30. அந்த நேரத்தில் பட்டியலிடுங்கள். இபேயின் கமிஷன் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தின்மீது பிடிப்பார்கள், மறக்க வேண்டாம்.

அமெரிக்காவுக்குப் போகும் 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் போய்விட்டது. விலை போடுமுன் தபால் நிலையத்தின் ஏற்றுமதி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஐந்து தபால்தலைகள் போதும். நீங்கள் தவறவிட்டால் வருத்தப்படாத ஐந்து.