கேள்வி – பதில்: எந்தத் தேர்வு, எந்தப் படி?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் வேலைக்குச் செல்வதற்காகக் காரைக்குடியில் ஒரு பயிற்சி வகுப்பில் ஆறு மாதமாக ஜெர்மன் படிக்கிறாள். பி1 முடித்ததாக வகுப்பிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். இது போதுமா? – ஒரு தாயார், தேவகோட்டை

பதில்: போதாது, அம்மா. தங்கள் மகள் கையில் இருப்பது வகுப்புக்குச் சென்றதற்கான சான்று. வேலை கொடுப்பவரும் விசா அதிகாரியும் கேட்பது, பாடம் நடத்தியவரே மதிப்பெண் போடாமல், உரிய தேர்வு நிறுவனம் வைத்த தேர்வில் தேறியதற்கான சான்று.

ஐரோப்பியக் கவுன்சில் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட பொதுச் சட்டகம், மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாகப் பிரிக்கிறது. இவற்றைப் பாடப்புத்தகத்தின் பாகங்கள் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு படியும், அந்த மொழியைக் கொண்டு ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்கிறது. நோயாளியிடம் பெயரையும் ஊரையும் கேட்டு, அவர் நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வது ஏ1. இரவு நடந்ததைக் கோவையாகச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தேன் என்று சுருக்கமாகக் காரணமும் கூறுவது பி1. மருத்துவர் சொல்வதில் ஐயம் எழுந்தால் அதை மறுத்துப் பேசி, தன் தொழில் சார்ந்த விஷயத்தை இரு தரப்பும் திணறாமல் விவாதிப்பது பி2. செவிலியராக முழு அங்கீகாரம் பெறுவதற்குப் பொதுவாக பி2 கேட்கப்படுவது இதனால்தான். அங்கீகாரம் வழங்கும் பொறுப்பு ஜெர்மனியின் மாநில அலுவலகங்களிடம் இருப்பதால், தங்கள் மகள் எந்த மாநிலத்துக்குச் செல்கிறாரோ அங்குள்ள விதியையே பார்க்க வேண்டும்.

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும், சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். பி2 தேர்விலும் இந்த வசதி உண்டு.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்ப்பதில் நம் செட்டிநாட்டுச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பி1 தேர்வுக்குச் சுமார் 350 முதல் 650 பாடவேளைகள் தேவை என்பது கோதே நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு பாடவேளை என்பது 45 நிமிடம். நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு மாதம் படித்தாலும் 260 மணி நேரம்தான் ஆகிறது. பாடவேளைக் கணக்கில் ஏறத்தாழ 347. அதாவது, ஒரு வகுப்பும் விடாமல் சென்றிருந்தால் இப்போதுதான் வாசற்படியில் நிற்கிறார். ஆறு மாதத்தில் பி2 என்று விளம்பரம் செய்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பதில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன், எந்த நிறுவனத்தின் தேர்வு, எந்தப் படி, எவ்வளவு பழைய சான்றிதழ் வரை செல்லும் ஆகிய மூன்றையும் வேலை தருபவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேத்தி ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்3 தேறியிருக்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்த ஜப்பானிய விருந்தினரிடம் நான்கு வாக்கியம் பேசத் தடுமாறுகிறாள். தேர்வில் ஏதும் கோளாறா? – ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

பதில்: கோளாறு இல்லை, ஐயா, அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. எழுதும் பகுதியும் இல்லை. சொல்லறிவு, இலக்கணம், படித்தல், கேட்டல் எல்லாவற்றுக்கும் கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறித்தால் போதும். 1984இல் தொடங்கிய இத்தேர்வில் முதலில் நான்கு நிலைகளே இருந்தன. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடைவெளி மிகுதி என்பதால் 2010இல் நடுவே ஒன்றைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். அப்படி வந்ததுதான் தங்கள் பேத்தி தேறிய என்3. என்5 தொடக்கம், என்1 உச்சம் என எண் இறங்க இறங்கத் தகுதி ஏறும் என்பதையும் உறவினர்களிடம் சொல்லி வையுங்கள். என்5 தேறியவரைப் பெரிய படிப்பாளி என்று பாராட்டிவிடப் போகிறார்கள்.

பேத்தியின் நிலைக்கு நேர் எதிரான நிலையை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். பர்மாவில் இருந்த வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலைப் பணியாளாகச் சென்று, முகவருக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாக உயர்ந்த ஐயாக்களில், அந்நாட்டு விவசாயியிடம் வட்டி, தவணை, நெல் விலை எல்லாம் சரளமாகப் பேசி, பர்மிய எழுத்தில் ஒரு வரி வாசிக்க அறியாதவர்கள் உண்டு. அவர்களை இந்தத் தேர்வில் உட்கார வைத்திருந்தால் என்5 கூடத் தேறியிருக்க மாட்டார்கள். பேத்தியின் சான்றிதழ் மெய்யானது. அது அளந்தது வேறு திறனை. வாரம் இருமுறை யாராவது ஜப்பானியரோடு இணையவழியில் பேச ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு டெல்ஃப் சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும்? ஏ1 எழுதாமல் நேரே பி1 எழுதலாமா? – மாணவர், அழகப்பா பல்கலைக்கழகம்

பதில்: டெல்ஃப் ஆயுளுக்கும் செல்லும். அதே பிரெஞ்சு மொழிக்கான டிசிஎஃப் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டு மட்டுமே செல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நேரே பி1 எழுதத் தடையில்லை. நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நான்கு பகுதிகளில் எதிலும் 25க்கு 5க்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். பிரெஞ்சுப் பயணிகள் வருகிறார்கள். நானும் தேர்வு எழுத வேண்டுமா? – ஒரு வழிகாட்டி

பதில்: சான்றிதழை யாரும் தங்களிடம் கேட்கப் போவதில்லை என்றால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள், தம்பி. ஆனால் படிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இது முகப்பு, இது வளவு என்னும் உள்முற்றம், இது ஆத்தங்குடித் தரைக்கல் என்று காட்ட ஏ2 போதும். தேக்கு ஏன் பர்மாவிலிருந்து வந்தது, இவ்வளவு பெரிய வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல பி1 வேண்டும். அந்த இரண்டாம் கேள்விக்கான விடையை முதலில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வகுப்பில் சேருங்கள்.