ராக்குக்கும் மெட்டலுக்கும் ஒரே கிட்டார்: பிக்கப் மாற்றுவது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் பாஸ்வுட் மரத்தாலான, இரண்டு ஹம்பக்கர்கள் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்கள்) பொருத்திய நடுத்தர விலைக் கிட்டார் ஒன்று உள்ளது. நண்பர்களுடன் ராக்கும் மெட்டலும் வாசிக்கிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவுடனும் வாசிக்கிறேன். டிஸ்டார்ஷனுக்காக (ஒலிச் சிதைவுக்காக) ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், கெயினைக் கூட்டினால் பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் உள்ளது) கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) குழைந்துவிடுகின்றன. டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் உள்ளது) மந்தமாக ஒலிக்கிறது. கிலோ ஓம் அதிகமுள்ள பிக்கப்பை வாங்கினால் போதுமா, அல்லது பாட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் நல்லதா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: கிலோ ஓம் கணக்கை வைத்துப் பிக்கப் வாங்காதீர்கள். கம்பிச்சுருளின் மின்தடையைக் காட்டும் அந்த எண், சுற்றுகள் கூடினாலும் உயரும், கம்பி மெல்லியதானாலும் உயரும். டிமார்சியோ நிறுவனத்தின் டோன் ஸோன் 17 கிலோ ஓமுக்கு மேல் காட்டும்; அதே நிறுவனம் 1970களின் தொடக்கத்திலிருந்து தயாரித்துவரும் சூப்பர் டிஸ்டார்ஷன் 14 கிலோ ஓமைத் தொடுவதில்லை. ஆனால், அந்நிறுவனமே வெளியிடும் அளவுகளின்படி அதிக அவுட்புட் தருவது இரண்டாவதுதான். அதில் இருப்பது செராமிக் காந்தம், டோன் ஸோனில் இருப்பது ஆல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்).

நீங்கள் சொல்லும் குழைவுக்கும் பெரும்பாலும் மிகைச் சுற்றே காரணமாகும். சுற்றுகள் கூடக்கூடச் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உயர்கிறது. அது கேபிளின் கெப்பாசிட்டன்ஸுடன் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையுடன்) சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு உச்சம், அதாவது பிக்கப் மிக வலுவாக ஒலிக்கும் அதிர்வெண், கீழே இறங்குகிறது. அந்த உச்சத்திற்கு மேலுள்ள கூர்மையான ஒலிகள் ஆம்ப்பைச் சென்றடையும் முன்பே தேய்ந்துவிடுகின்றன. மிஞ்சும் தடித்த நடுவொலி ஆம்ப்பின் முதல் கட்டத்தையே திணறடிக்கும்போது, ஒரு கார்டின் ஆறு தந்திகளும் தனித்தனியே கேட்பதற்கு வழியில்லை. மெட்டலுக்கு வேண்டிய டிஸ்டார்ஷனை இன்றைய ஆம்ப்களும் பெடல்களும் தாராளமாகவே தருகின்றன. பிக்கப்பிடம் நாம் கேட்க வேண்டியது தாழ்தந்திகளில் இறுக்கமும் மேலே தெளிவும் ஆகும். உங்களைப் போல ஒரே கிட்டாரில் பலவகை இசையை வாசிப்பவருக்கு, மிக உயர்ந்த அவுட்புட் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், பணம் செலவழிக்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் இரும்புத் திருகின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். பிரிட்ஜில் சுமார் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் சுமார் 2.4 மில்லிமீட்டர் என்று தொடங்கி, அங்கிருந்து காதை நம்பி ஏற்றி இறக்கலாம். தந்தியை ஒட்டினாற்போல் உயர்த்தப்பட்ட நெக் பிக்கப் மந்தமாகத்தான் ஒலிக்கும். அரைத் திருகு இறக்கினாலே பல கிட்டார்கள் மலர்ந்துவிடுகின்றன. இரண்டாவது வால்யூம் பாட் (வால்யூம் குமிழின் அடியிலுள்ள மாறு மின்தடை). ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் வழக்கம். சிங்கிள் காயிலுக்குரிய (ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குரிய) 250 கிலோ ஓம் பாட் பொருத்தப்பட்டிருந்தால், நான் மேலே சொன்ன அந்த உச்சத்தை அதுவே மழுக்கிவிடும். பாட்டின் முதுகில் எண் அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். ஒரு பாட்டின் விலை பிக்கப்பின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால், பிரிட்ஜுக்கு செமோர் டங்கன் நிறுவனத்தின் கஸ்டம் வரிசையைப் பரிந்துரைக்கிறேன். காந்தம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஏறத்தாழ 14 கிலோ ஓம் கொண்ட, ஒரேவகைச் சுற்று. அதில் செராமிக் காந்தம் வைத்தால் கஸ்டம், ஆல்நிகோ 5 வைத்தால் கஸ்டம் 5, ஆல்நிகோ 2 வைத்தால் கஸ்டம் கஸ்டம். முதலாவதில் தாக்கம் கூர்மையாகவும் தாழ்தந்திகள் இறுக்கமாகவும் இருக்கும். இரண்டாவதில் நடுவொலி சற்று உள்வாங்கி, டிஸ்டார்ஷன் இல்லாத ஒலி திறந்து கேட்கும். மூன்றாவது மென்மையானது, பழைய ராக்குக்கு அழகு, வேகமான மெட்டல் ரிஃப்களுக்குத் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகளுக்குத்) தளர்வு. நடுவொலி மிகுந்து கேட்கும் உங்கள் பாஸ்வுட் கிட்டாருக்குக் கஸ்டம் 5 முதல் தேர்வு. மெட்டலே பெரும்பங்கு என்றால் கஸ்டம். பலரும் சொல்லக்கூடிய, அதே நிறுவனத்தின் ஜேபி நல்ல பிக்கப்தான், தனி வாசிப்பில் அது பாடும். ஆனால் அதன் 16 கிலோ ஓமுக்கு மேற்பட்ட சுருளும் துருத்தி நிற்கும் மேல்நடு ஒலியும் உங்கள் குறையைத் தீர்க்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

நெக்கில் குறைந்த சுற்றுள்ளதையே வையுங்கள். அந்த இடத்தில் தந்தி அகலமாக அதிர்வதால் அவுட்புட் தானாகவே கிடைத்துவிடும். அதே நிறுவனத்தின் ஜாஸ் அல்லது 59, 7.5 கிலோ ஓமை ஒட்டியவை, மெல்லிசை மேடையில் ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துத் தரும். 1950களின் நடுவில் கிப்ஸன் நிறுவனத்தில் செத் லவர் உருவாக்கிய முதல் ஹம்பக்கர்களும் ஏறத்தாழ இந்த அளவுடையவையே. எதை வாங்கினாலும் நான்கு கம்பிகள் வெளிவரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வால்யூம் குமிழை இழுத்தால் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஃபங்க் தாளத்திற்கும் பழைய திரைப்பாடல்களுக்கும் அந்த மெல்லிய ஒலி மிகவும் பயன்படும். அப்போது இரைச்சல் நீக்கம் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எதிரெதிராகச் சுற்றிய, எதிரெதிர் காந்த முனைகள் கொண்ட இரு சுருள்கள் சேர்ந்தால்தான் தந்தியின் ஒலி கூடி, மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் இது சிறிய விஷயமன்று. அதே மேடையில், ஆம்ப் பிளக்கின் மூன்றாவது முனையை இரைச்சலுக்குப் பயந்து யாராவது நீக்கச் சொன்னால் ஒருபோதும் இணங்காதீர்கள். கிட்டார்த் தந்திகள் அந்த எர்த் இணைப்புடன் பிணைந்தவை. பழுதான ஆம்ப்பில் அது இல்லாவிட்டால் மின்சாரம் உங்கள் கைக்கே வரும்.

வாங்குமுன் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிக்கப்பின் திருகுகளுக்கு இடையே இது 49 மில்லிமீட்டரை ஒட்டிய வகையும் உண்டு, 51 முதல் 53 மில்லிமீட்டர் வரை அகன்ற வகையும் உண்டு. உங்கள் அளவுக்கு நெருங்கியதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக்டிவ் பிக்கப் உங்களுக்கு வேண்டாம் என்பேன். இஎம்ஜி நிறுவனத்தின் 81 போன்றவை மெட்டலில் மிகச் சிறந்தவை, இரைச்சலும் குறைவு. ஆனால் 9 வோல்ட் பாட்டரிக்கு இடமும் 25 கிலோ ஓம் பாட்களும் தேவை. 81இல் ஒரு சுருளைப் பிரித்து வாசிக்கும் வசதியும் இல்லை.

கேள்வி: கெயினைக் கூட்டினால், தந்தியைக் கையால் அடக்கிப் பிடித்திருந்தும் என் பிரிட்ஜ் பிக்கப் கீச்சிடுகிறது. இங்குள்ள ஈரம்தான் காரணமா? பிக்கப்பை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கீச்சொலிக்கு ஈரம் காரணமன்று. சுருளின் கம்பிகள் தளர்ந்திருந்தால் ஆம்ப்பின் ஒலிக்கு அவையே அதிர்ந்து, அந்த அதிர்வு மீண்டும் ஆம்ப்புக்குப் போய்ச் சுழன்றுகொண்டே இருக்கும். பிக்கப்பை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். அந்தத் தட்டல் ஆம்ப்பில் உரக்கக் கேட்டால் பிக்கப்தான் குற்றவாளி. தயாரிக்கும்போதே மெழுகில் தோய்த்து இறுக்கிய பிக்கப்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே வாங்கும்போது அதைக் கேளுங்கள். வீட்டு அடுப்பில் மெழுகை உருக்கித் தோய்க்கும் முயற்சி வேண்டாம். சற்று வெப்பம் கூடினாலும் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் உருக்குலைந்துவிடும். மெழுகு தீப்பற்றவும் கூடும்.

ஈரம் கெடுப்பது வேறு இடங்களை. சேர்வராயன் மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் மாதங்களில் சுவிட்ச்சிலும் பாட்டிலும் உள்ள தொடுமுனைகள் களிம்பேறிக் கரகரக்கின்றன. பிக்கப்பின் திருகுகள் துருப்பிடிக்கின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளுடன் பெட்டியில் வையுங்கள். துருவைப் போக்க இரும்புக் கம்பளியால் மட்டும் தேய்க்காதீர்கள். உதிரும் இரும்புத்தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: பிரிட்ஜில் செமோர் டங்கனும் நெக்கில் டிமார்சியோவும் வைத்து, மைக் செட் பழுது பார்க்கும் கடையில் பற்றவைத்து வாங்கினேன். தனித்தனியே நன்றாக ஒலிக்கின்றன. சுவிட்ச்சை நடுவில் வைத்தால் ஒலி மெலிந்து சளி பிடித்ததுபோல் இருக்கிறது. பிக்கப் பழுதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: பழுதில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இணைக்கப்பட்டுள்ளன. இரு நிறுவனங்களின் கம்பி நிறங்கள் வேறு. செமோர் டங்கனில் கறுப்பு சிக்னலுக்கு, பச்சை கிரவுண்டுக்கு, சிவப்பும் வெள்ளையும் தம்முள் இணைப்பு. டிமார்சியோவில் சிவப்பு சிக்னலுக்கு, பச்சை கிரவுண்டுக்கு, கறுப்பும் வெள்ளையும் தம்முள் இணைப்பு. முதலில் இந்த வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறங்கள் சரியாக இருந்தும் ஒலி மெலிந்தே இருந்தால், ஏதேனும் ஒரு பிக்கப்பில் சிக்னல் கம்பியையும் கிரவுண்டில் உள்ள பச்சைக் கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உறையில்லாத வெற்றுக் கம்பி எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். பற்றவைக்கும்போது கம்பிகளைக் கட்டையாக வெட்டாமல் சற்று நீளம் விடச் சொல்லுங்கள். மறுமுறை பிக்கப்பை வேறு கிட்டாருக்கு மாற்றும்போது அது உதவும்.