டிபென்டன்ட் பாஸில் போனால் மகள் வேலைக்குப் போக முடியுமா?

அம்மா, மாப்பிள்ளை சிங்கப்பூரில் இ.பி.யில், அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற உயர்நிலை வேலை அனுமதியில் இருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் மகள் டிபென்டன்ட் பாஸில் போய், அங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை, பழைய விதியைச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் வேலை கொடுக்கும் கம்பெனி மனிதவள அமைச்சிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் போதும், மறுவாரமே வேலைக்குப் போனவர்கள் உண்டு. 2021 மே 1-லிருந்து அந்த வழி கிடையாது. சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு அந்தக் கடிதம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு டிபென்டன்ட் பாஸ் என்பது கணவரோடு தங்க அனுமதி, அவ்வளவுதான். வேலை பார்க்க வேண்டுமானால் இ.பி., நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸ், அதற்கும் கீழ்நிலை வேலைகளுக்கான ஒர்க் பர்மிட் இதில் ஒன்று மகள் பெயரில் தனியாக வர வேண்டும், அதற்கு விண்ணப்பிப்பதும் கம்பெனிதான்.

அதனால் தயவுசெய்து சென்னை வேலையை இப்போதே விடச் சொல்லாதீர்கள். தேதி குறித்தாயிற்று, நோட்டீஸ் கொடுத்துவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான்கு வருட டெஸ்டிங் அனுபவத்தோடு, கையில் சம்பளம் வரும்போது தேடுவது வேறு, அங்கே போய் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தபின் தேடுவது வேறு. இ.பி.க்குக் கல்யாணச் சான்றிதழே தேவையில்லை. சென்னையில் இருந்தபடியே வேலை வாங்கி, சொந்த பாஸில் போகலாம். அப்படிப் போனால் கணவரின் வேலை போனாலும் மகளுடைய பாஸ் போகாது.

அதற்கு முன் மாப்பிள்ளையிடம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு? 6,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறைந்தால் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸே கிடையாது. போனஸ், ஓவர்டைம் இதில் சேராது. அவர் பி.ஆர். (நிரந்தரவாசி) ஆகியிருந்தால் கதை வேறு. அப்போது மனைவிக்கு நீண்டகால வருகை அனுமதி, அதன் மேல் சம்மதக் கடிதம் என்று எளிய வழி இன்னும் இருக்கிறது.

சரி, மகளுக்கு இ.பி. கிடைக்குமா? 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறை என்றால் 6,200. இது இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, வயது கூடக் கூட ஏறும், 27 வயதுக்கு இதைவிட அதிகம் வேண்டும். சம்பளம் மட்டும் பத்தாது, காம்பஸ் என்று ஒரு மதிப்பெண் முறை 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, அதில் 40 எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, அந்தக் கம்பெனியில் எத்தனை நாட்டுக்காரர்கள் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20.

நம் பிள்ளைகள் தவறவிடுவது அந்த மூன்றாவது தலைப்பைத்தான். தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று இந்தியர்கள் நிறைந்த கம்பெனிகளுக்கே விண்ணப்பிக்கிறார்கள். அங்கே உயர்நிலைப் பணியாளர்களில் கால்வாசிப் பேர் இந்தியர் என்றால் அந்தத் தலைப்பில் மகளுக்குப் பூஜ்யம். இந்தியர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் இடத்தில் அதே மகளுக்கு 20. ஆகவே ஜப்பானிய, ஐரோப்பிய, உள்ளூர்க் கம்பெனிகளைத் தேடி எழுதச் சொல்லுங்கள். இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்கே சிங்கப்பூரில் அலுவலகம் இருந்தால் முதலில் அங்கே மாற்றல் கேட்கட்டும்.

எஸ் பாஸுக்கு 3,300 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது, ஆனால் ஒரு கம்பெனி எத்தனை பேரை எஸ் பாஸில் வைக்கலாம் என்று வரம்பு உண்டு, சேவைத் துறையில் அது மொத்தப் பணியாளர்களில் பத்து சதவீதம்தான். மாதா மாதம் 650 வெள்ளி வரியும் கம்பெனி கட்ட வேண்டும், அதை மகள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு என்று யாராவது வந்தால் அவரோடு பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. டிபென்டன்ட் பாஸில் சும்மா இருக்கிறோமே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கி டியூஷன் எடுப்பது, வீட்டில் சமைத்து விற்பது, இதெல்லாம் அங்கே அனுமதியில்லாத வேலை. 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. நாலு பேர் செய்கிறார்களே என்று யாரும் தைரியம் சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது பேப்பர் வேலைதான். டிகிரி சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். படிப்புக்கு மதிப்பெண் கேட்டால் டிகிரியைச் சரிபார்த்த சான்று வைக்க வேண்டும், அங்கே இந்த வித்தியாசம் இழுத்தடிக்கும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அபிடவிட் வாங்கி வையுங்கள். கல்யாணம் ஆனதும் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள், மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் போதாது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் அவசரம் மட்டும் வேண்டாம், முதலில் பாஸ் கைக்கு வரட்டும்.